பத்திலிருந்து ஒன்று வரை

தை 18, வியாழன்

மோட்டார் இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. சமையல் கம்மஞ்சோறு, கத்திரிக்காய்க் குழம்பு. சிலிண்டர் அடுப்பு.

இந்த நோட்டைக் கோயமுத்தூர்க் காலேஜிலிருந்து வந்த தமயந்தி என்கிற பிள்ளை கொடுத்தாள். டீசல் இஞ்சினை விட்டுவிட்டு வெயிலில் ஓடுகிற மோட்டாருக்கு மாறுகிற ஊர்களைப் பற்றிப் பரீட்சைக்கு எழுதுகிறாளாம். தினமும் நாலு விஷயம் எழுதச் சொன்னாள். மோட்டார் எத்தனை நேரம் ஓடியது, எதற்குப் பாய்ந்தது, என்ன சமைத்தோம், எந்த அடுப்பில் சமைத்தோம்.

"அதுக்கு மேல மனசுல தோணறதையும் எழுதுங்க பாட்டி. சித்திரைக் கடைசில வந்து வாங்கிக்கறேன்" என்றாள்.

எனக்குப் பேத்தி இருக்கிறாள். அவள் பாட்டி என்றால் போதும். நான் அஞ்சாவது வரை படித்தவள், ஆனால் எழுதினால் அடித்தல் திருத்தல் இருக்காது. பெயர் பொன்னாத்தாள் என்று அட்டையில் போட்டிருக்கிறேன்.

கிணறு மூன்று பங்கு. அண்ணன் தம்பி மூன்று பேருக்குப் பிரித்தது, மூன்று பேரும் போய்ச் சேர்ந்தாயிற்று. மூத்தவர் பங்கு அவர் பெண்டாட்டி நாச்சாத்தாளுக்கு. நடுப்பங்கு எனக்கும் என் மகன் கார்வேந்தனுக்கும். கடைசிப் பங்கு கொழுந்தனார் மகன் லோகுவுக்கு. கரண்டுக்கு எழுதிக்கொடுத்து இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தோம். வரவில்லை. இப்போது சோலார் வந்திருக்கிறது.

நாச்சாத்தாளுக்கும் ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "நீங்களே எழுதிருங்க பாட்டி, பக்கத்து வீடுதானே" என்றாள் அந்தப் பிள்ளை. பக்கத்து வீடுதான். நான் அந்த வாசலை மிதித்து எத்தனை வருஷம் ஆச்சு என்று அவளுக்கு யார் சொல்லுவது?

தை 19, வெள்ளி

இட்லி. சிலிண்டர். மோட்டார் மாட்ட வந்த பிட்டர் பையன்களுக்கும் நான்தான் கொடுத்தேன்.

தை 21, ஞாயிறு

கிணற்றடியில் எல்லாரும் கூடினோம். டீசல் காலத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறை ஆளுக்கு ஒரு பகல் பூராவும் தண்ணீர். இனி அப்படி வேண்டாம் என்றார் பெரிய பிட்டர். சொட்டுநீர்க் குழாய் போட்டால் தினமும் எல்லார் தோட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் பாய வேண்டுமாம். வெயில் காலை ஏழிலிருந்து சாயங்காலம் நாலு வரை. ஒன்பது மணி நேரம், மூன்று பேர், ஆளுக்கு மூன்று.

யாருக்கு எந்த மூன்று? ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான்தான் வாயைத் திறந்தேன்.

"மூத்தவங்க இருக்கறப்ப நாம என்ன பேசறது? முதல் முறை நாச்சாக்காவுக்குத்தான். ஏழுல இருந்து பத்து. அக்கா எப்படியும் வெள்ளென எந்திரிக்கறவங்க."

முதல் முறை மூத்த வீட்டுக்கு என்பது எங்கள் கிணற்றில் மாமனார் காலத்து மரியாதை. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் நான்தான் கிணற்றடியில் நின்று சண்டை போட்டு அதை ஒழித்தேன். இன்றைக்கு நானே எடுத்துக் கொடுத்தேன்.

நாச்சாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பொன்னு, நீயா சொல்றே?" என்றாள்.

"பெரியம்மா வாயில அக்காவா?" என்றான் லோகு. "சோலாரு மாட்டி ஒரு வாரம்கூட ஆகல. இன்னும் என்னென்ன பண்ணப்போகுதோ!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் வயசுப்படி போய்விட்டது. நடுவில் பத்திலிருந்து ஒன்று வரை நான். ஒன்றிலிருந்து நாலு வரை லோகு. ஆளுக்குச் சரியாக மூன்று மணி நேரம். கூடக் குறைய என்று யாரும் பேச முடியாது.

பிட்டர்கள் வேலை செய்த பத்து நாளும் நான்தான் சோறு கொடுத்தேன். அதனால் கிணற்றடியில் இருந்தேன். அவ்வளவுதான்.

தை 25, வியாழன்

மோட்டார் மூன்று மணி நேரம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் பாய்ந்தது. கடைசி வரிசை வரைக்கும் மண் கறுத்துக் கிடக்கிறது. ராகிக்களி, கீரை. சிலிண்டர்.

நாச்சாத்தாள் நோட்டு: மூன்று மணி நேரம். தீவனப்புல், முருங்கைக்கன்று. அரிசியும் பருப்பும். சாணி கேஸ்.

அவளுக்கு இரண்டு மாடு. ஒரு வெள்ளை, ஒரு செவலை. அதுகளின் சாணியைக் குழியில் கரைத்துவிட்டு அந்தக் கேஸில்தான் சமைக்கிறாள். பதினைந்து வருஷமாக அவள் வீட்டில் புகை கிடையாது. ஊரில் அந்தக் குழி இன்னும் வேலை செய்வது அவள் ஒருத்தியிடம்தான். மற்றவர்கள் எல்லாம் அதில் குப்பை கொட்டுகிறோம். அதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

மாசி 4, வெள்ளி

மோட்டார் மூன்று. மற்றதெல்லாம் நேற்று மாதிரி.

மனசில் தோன்றுவதை எழுதச் சொன்னாளே, எழுதுகிறேன்.

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், ஆனி மாசம் பதினாறாம் தேதி. என் அப்பன் செத்துப்போனார் என்று ஆள் வந்து சொன்னான். மழை இல்லாத வருஷம். கிணற்றில் இரண்டு ஆள் மட்டத்துக்குத்தான் தண்ணீர். மறுநாள் என் முறை. இழவுக்குப் போனவர்கள் முறையை மற்ற பங்காளி ஓட்டி, போனவர்கள் தோட்டத்துக்கே பாய்ச்ச வேண்டும். இது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலாம் நாள் திரும்பி வந்து பார்த்தேன். என் மிளகாய் பூராவும் தலை தொங்கிக் கிடக்கிறது. அவள் மிளகாய் நிமிர்ந்து நிற்கிறது. என் முறைத் தண்ணீரை அவள் தோட்டத்துக்கு விட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் கட்டியிருந்தது பச்சைச் சேலை, அரக்குக் கரை. என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கிணற்றடிச் சண்டையோடு சரி, அதற்கப்புறம் நானும் பேசவில்லை. கல்யாணம் காதுகுத்து என்றால் "அவங்க" என்பேன். அக்கா என்று சொன்னதில்லை.

அதனால் தை இருபத்தொன்றாம் தேதி நான் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

மாசி 9, புதன்

நோட்டு எழுத நாச்சாத்தாள் வந்தாள். வாசல்படிக்குக் கீழேயே நின்றாள். "உள்ள வாங்க" என்றேன். வந்து விளிம்பில் உட்கார்ந்தாள். ஒரு டம்ளர் தயிர் கொண்டுவந்திருந்தாள்.

"எத்தனை மணி நேரம்?"

"மூணுதான் பொன்னு. உனக்குத் தெரியாததா?"

"தண்ணி எப்படிங்க?"

"நல்லாருந்துதுன்னு எழுது."

"நல்லாருந்துதா?"

"எழுதும்மா" என்றாள்.

எழுதினேன். தயிர் புளிப்பு. மீந்ததைத்தான் கொண்டுவந்திருப்பாள். ஆனாலும் கெட்டியாகத்தான் இருந்தது. தீவனம் குறைந்த மாட்டுத் தயிர் மாதிரி இல்லை.

மாசி 14, திங்கள்

மோட்டார் மூன்று. வெங்காயம் தாள் நன்றாகப் பிடித்திருக்கிறது. இன்றைக்குத் தண்ணீர் எப்போதையும்விட வேகம். காரணம் அப்புறம்தான் தெரிந்தது.

காலையில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனேன். சூரியன் அப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. நாச்சாத்தாள் சோலார்த் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாளித் தண்ணீர், நீளக் கம்பு, கம்பு நுனியில் கட்டின பழைய வேட்டித்துணி. மேல் வரிசைக்குக் கை எட்டாமல் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். எழுபத்தாறு வயசு.

"தூசி படிஞ்சா மோட்டாரு எடுக்காதாம். லோகு சொன்னான். அதான் காலைல சரியா எடுக்க மாட்டேங்குது போல" என்றாள்.

நான் "சரிங்க" என்றேன்.

அவள் துடைக்கிற பளபளப்பு அவள் முறைக்கு ஆகவில்லை. பத்து மணிக்கு மேல் எனக்குத்தான் ஆகிறது.

மாசி 15, செவ்வாய்

மூன்று. இட்லி, தேங்காய்ச் சட்னி. சிலிண்டர்.

இன்றும் துடைத்தாள்.

மாசி 22, செவ்வாய்

எட்டு நாளாக வேறொன்றும் எழுத ஓடவில்லை. இதை எழுதிவிட்டுத் தேவைப்பட்டால் கிழித்துக்கொள்கிறேன்.

கிணற்றடியில் மாடு தண்ணீர் குடிக்கிற சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. தை பதினெட்டாம் தேதி மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு பிட்டர் பையன் சோதனைக்கு அந்தத் தொட்டியில் தண்ணீர் விட்டான். சோறு கொடுக்கப் போனவள் நின்று பார்த்தேன். எட்டு நிமிஷத்தில் தொட்டி வழிந்தது. மறுநாள் காலை ஏழரைக்கு மறுபடி விட்டான். மோட்டார் முனகிக்கொண்டே இருந்தது. பாதித் தொட்டிக்கே பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று.

"என்ன கண்ணு இப்படி இழுக்குது?" என்றேன்.

"வெயில் ஏறணும்ல ஆயா. வெயிலு எவ்வளவோ அவ்வளவுதான் தண்ணி. பத்துக்கு மேல பாருங்க, பிச்சுக்கிட்டு வரும்" என்றான்.

"சாயங்காலம்?"

"ரெண்டரை வரைக்கும் பரவால்ல. அப்புறம் இறங்கிரும். அதுக்குள்ள கிணறும் இறங்கியிருக்கும்."

பையன் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான். பங்காளிகளில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான். மூன்று நாள் இதை மனசில் வைத்துக்கொண்டு நடந்தேன். எப்படிச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள் என்று யோசித்தேன். மூத்தவளுக்கு முதல் முறை என்பது ஆடு மேய்க்கிறபோது தோன்றியது. தோன்றியதும் சிரிப்பு வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். சிரித்தேன்.

மணிக்கணக்கில் பார்த்தால் மூன்று பேருக்கும் சமம். அந்தக் காலேஜுப் பிள்ளை இரண்டு நோட்டையும் பார்த்தால் சமம் என்றுதான் எழுதுவாள். இரண்டும் என் கையெழுத்து.

மாசி 27, ஞாயிறு

ஆட்டுக்கறி. சிலிண்டர்.

லோகு சாப்பிட வந்தான். "நாச்சா பெரியம்மாவுக்கு சொட்டுநீரு சுத்தமா வசப்படலைங்க. புல்லு பூராம் மஞ்சளா நிக்குது. எந்நேரம் எந்திரிக்கறாங்களோ என்னவோ. பேசாம குத்தகைக்கு விட்டுட்டு மககிட்டப் போயிருக்கலாம்" என்றான்.

கார்வேந்தனும், "வயசாச்சில்ல? புதுசு புதுசா வந்தா அவங்களுக்கு எப்படிப் புரியும்?" என்றான்.

நான் அவன் இலையில் இன்னும் கொஞ்சம் கறி வைத்தேன்.

பங்குனி 5, திங்கள்

மோட்டார் மூன்று. வெங்காயம் பிடுங்க இன்னும் பதினைந்து நாள். காய் நல்ல திரட்சி.

நாச்சாத்தாள் நோட்டு: மூன்று மணி நேரம். முருங்கைக்கன்று. புல் இல்லை. ராகிக்கூழ். காலையில் சாணி கேஸ், சாயங்காலம் விறகு.

இன்றைக்குச் சந்தை. வெள்ளை மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வண்டியில் ஏற்றுகிறபோது கத்தியது என் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்டது. நோட்டு எழுத வந்தவளிடம், "ஏனுங்க வித்தீங்க?" என்றேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தீவனமில்லை. ரெண்டையும் பட்டினி போடறதுக்கு ஒண்ணையாவது காப்பாத்தலாம். செவலையை எத்தனை நாளைக்குன்னு பார்க்கலாம்" என்றாள்.

"அப்புறம்?"

"நீ சொல்லு."

நான் பேனாவை மூடினேன். ஒரு மாட்டுச் சாணியில் அரை நேரத்துக்குத்தான் கேஸ் எரியுமாம். அடுப்பு என்ற இடத்தில் விறகு என்று எழுதினபோது எழுத்து கோணிக்கொண்டது. பக்கம் அழகாக இல்லை.

பங்குனி 8, வியாழன்

லோகுவிடம் நாலு கட்டுச் சோளத்தட்டு கொடுத்துச் செவலைக்குத் தீவனமாக அவள் கட்டுத்தரையில் போடச் சொன்னேன். மத்தியானத்துக்குள் நாலும் என் வாசலுக்குத் திரும்பி வந்துவிட்டது. "கடனா வேண்டாமாம், சும்மாவும் வேண்டாமாம்" என்றான்.

திமிர். அன்றைக்கும் இதே திமிர்தான்.

பன்னிரண்டு மணிக்கு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து என் வால்வை அடைத்து அவள் வால்வைத் திறந்துவிட்டேன். அரை மணி நேரம். அவள் புல்லுக்குப் போய்த் தண்ணீர் நின்றது. திருட்டுத்தனமாகத் தண்ணீர் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திருட்டுத்தனமாகக் கொடுக்கிறவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பங்குனி 12, திங்கள்

தினமும் அரை மணி நேரம் விடுகிறேன். என் நோட்டில் மூன்று என்றே எழுதுகிறேன். அதுவும் பொய்.

இன்றைக்கு நாச்சாத்தாள் லோகுவிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம், "துடைக்கத் துடைக்கத் தண்ணி ஏறுதுப்பா. கடைசி பாத்தி வரைக்கும் ஈரமா இருக்குது" என்று. இனி இரண்டு தடவை துடைக்கப் போகிறாளாம்.

பங்குனி 15, வியாழன்

தகடு துடைக்கிறபோது நாச்சாத்தாள் ஏறி நின்ற வாளி சறுக்கிவிட்டது. நல்லவேளை எலும்பு முறியவில்லை. கணுக்கால் பூசணி மாதிரி வீங்கிக் கிடக்கிறது. பத்து நாள் காலை ஊன்றக்கூடாது என்றாராம் டாக்டர்.

போய்ப் பார்த்தேன். முப்பத்தாறு வருஷம் கழித்து அந்த வீட்டுக்குள். சுவரில் அதே இடத்தில் அவள் புருஷன், என் மச்சாண்டார் போட்டோ. அடுப்படிச் சுவர் புதுசாகக் கறுத்திருக்கிறது.

"என் முறையை நீ ஓட்டிக் குடு பொன்னு" என்றாள்.

"லோகுவைச் சொல்றேனுங்க."

"நீதான் ஓட்டணும். காலைல ஏழுக்கு. என் தோட்டத்துக்கு" என்றாள்.

'என் தோட்டத்துக்கு' என்பதை நிறுத்திச் சொன்னாள். அல்லது எனக்கு அப்படிக் கேட்டது.

பங்குனி 17, சனி

நாச்சாத்தாள் முறையை நான் ஓட்டிய இரண்டாம் நாள். தகடு துடைத்தேன், கை எட்டியவரைக்கும். ஏழுக்குச் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் இருமியது, நின்றது. மறுபடி போட்டேன். எட்டேகால் வரைக்கும் குழாய் வாயில் பூனை நக்குகிற மாதிரி ஒரு கசிவு. சொட்டுநீர்க் குழாயில் முதல் வரிசை சொட்டியது, இரண்டாவது சொட்டியது, மூன்றாவதில் ஒரு ஓட்டை விட்டு ஒரு ஓட்டை சொட்டியது. நாலாவது வரிசையிலிருந்து வறண்ட குழாய். அவளுக்குப் பதினொரு வரிசை.

குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்பதரைக்குத்தான் மோட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தது. வேகம் பிடித்தபோது பத்து. பத்து என்றால் என் முறை.

இரண்டு மாசம் அவள் தினமும் இங்கே இப்படி உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் என் வாசலுக்கு வந்து தண்ணீர் நல்லாருந்தது என்று எழுதச் சொல்லியிருக்கிறாள்.

பங்குனி 20, செவ்வாய்

தமயந்தி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இந்த வியாழக்கிழமை இல்லை, அதற்கடுத்த வியாழன் சோலார் ஆபீசர்கள் வருகிறார்களாம். இந்த ஊரில் இன்னும் பதினோரு பங்குக் கிணற்றுக்கு சோலார் வரப்போகிறது. எல்லாவற்றிலும் எங்கள் கிணற்று முறையையே வைக்கப் போகிறார்களாம்.

"சண்டையே இல்லாம சமமாப் பிரிச்ச ஒரே கிணறு இதுதான் பாட்டி. வயசுல மூத்தவங்களுக்கு முதல் முறைங்கறது எவ்வளவு அழகான விஷயம்! அதை அப்படியே எழுதியிருக்கேன்" என்றாள்.

"எல்லாக் கிணத்துலயும் மூத்தவங்களுக்குக் காலைமுறையா அம்மிணி?"

"ஆமா பாட்டி. நீங்கதான் காரணம்."

பதினோரு கிணறு. மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். அதில் ஆறில் மூத்த பங்கு தாலியறுத்த கிழவிகள் கையில் இருக்கிறது. எல்லாரும் வெள்ளென எழுந்து தகடு துடைப்பார்கள்.

பங்குனி 24, சனி

வெங்காயம் பிடுங்கினோம். இந்த அளவு திரட்சி என் வயசில் பார்த்ததில்லை. வாசல் பூராவும் கொட்டிக் கிடக்கிறது. இன்றைக்கு அடுப்புப் பற்ற வைக்கவில்லை.

பங்குனி 26, திங்கள்

நாச்சாத்தாள் நோட்டு: மூன்று மணி நேரம். நான் ஓட்டினேன். கூழ். விறகு, இரண்டு வேளையும்.

செவலையைச் சித்திரை இரண்டாம் தேதிச் சந்தைக்கு ஓட்டுகிறார்களாம். லோகு சொன்னான். மகள் வீட்டிலிருந்து வண்டி வருகிறதாம், மாட்டை விற்றதும் அவளையும் கூட்டிக்கொண்டு போக. தோட்டத்தைக் கோழிப்பண்ணைக்காரர்கள் கேட்கிறார்களாம்.

போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். போய்விட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. நினைத்ததை எழுதிவிட்டேன். கிழிக்கவில்லை.

பங்குனி 29, வியாழன்

காலையிலேயே தொட்டியின் அடைப்பை உருவி, காலி பண்ணி, மறுபடி அடைத்து வைத்துவிட்டேன். அப்புறம் பயம் வந்தது. மறுபடி நிரப்பிவிடலாமா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பதினொரு மணிக்கு ஆபீசர்கள் வந்தார்கள். பந்தல், நாற்காலி, மோர். ஊரில் பாதிப்பேர் வந்துவிட்டார்கள். நாச்சாத்தாளை லோகு கையைப் பிடித்துக் கூட்டிவந்து தொட்டித் திண்டில் உட்காரவைத்தான். உச்சிவெயில். என் குழாயில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. ஆபீசர் கையை நீட்டினார், தண்ணீர் அவர் சட்டையை நனைத்தது. சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"முறையைப் பிரிச்ச அம்மா யாருங்க?" என்று ஒரு பொன்னாடையை எடுத்தார். தமயந்தி என் கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"அதைப் போத்தாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே பெரிசாகக் கேட்டது. "லோகு, அந்தக் குழாயைத் தொட்டிக்குத் திருப்பு. யாராச்சும் மணி பாருங்க."

விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். தமயந்தி மணி பார்த்தாள். தொட்டி வழிந்தது.

"எட்டு நிமிஷம் பாட்டி."

"காலைல ஏழரைக்கு இதே தொட்டி நிறைய அரை மணி நேரத்துக்கு மேல ஆகுதுங்க. மணி சமம்தான். தண்ணி சமமில்லை. நாச்சாக்காவுக்கு நான் குடுத்தது வெறும் மணி. தண்ணியை நான் எடுத்துக்கிட்டேன். பதினோரு கிணத்துக்கும் இந்த முறையைக் கொண்டுபோயிராதீங்க."

ஆபீசர் நல்ல மனுஷன்தான். எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "இது உங்களுக்கு எப்பங்கம்மா தெரிஞ்சுது? ஓட்டிப் பார்த்தப்புறம்தானே?" என்றார்.

ஆமாம் என்று சொன்னால் போதும். அத்தனைபேர் முகமும் ஆமாம் என்று சொல் என்கிற மாதிரி இருந்தது. கார்வேந்தன் தலையைக்கூட ஆட்டினான்.

"இல்லீங்க. பிரிக்கறதுக்கு முன்னாலயே தெரியும்" என்றேன்.

யாரோ மோர் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா, வீட்டுக்கு வாங்க" என்றான் கார்வேந்தன். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கிணற்றைப் பார்த்துச் சொன்னான். "ச்சீ" என்று ஒரு பொம்பளை சொன்னாள். யார் என்று தெரியும். எழுதவில்லை. தமயந்தி அழுகிற மாதிரி நின்றாள், அவள் பரீட்சையை நான் கெடுத்துவிட்டேன். பொன்னாடையை மடித்துத் திரும்பப் பையில் வைத்தார்கள்.

எல்லாரும் போன பிறகும் நாச்சாத்தாள் தொட்டித் திண்டிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் நின்றேன்.

"அக்கா" என்றேன்.

"மாசி பத்தாம் தேதி வாக்குல ஒரு நாள் என் முறை முடிஞ்சும் நான் வீட்டுக்குப் போகலை. வேப்பமரத்தடியில உக்காந்து உன் தண்ணியைப் பார்த்தேன். எனக்கு எழுத்துதான் தெரியாது பொன்னு. தண்ணி தெரியும்."

"அப்பவே தெரியுமா?"

"அப்பவே."

"அப்புறம் ஏங்க்கா சொல்லலை? ஏன் தொடைச்சீங்க?"

"சபையில நீ குடுத்த மரியாதையை எனக்கு வேண்டாம்னு எப்படிச் சொல்றது? நீயா வாயைத் தொறப்பியான்னு பார்த்துட்டிருந்தேன். காலைல நான் தொடைக்கறதை நீ பாக்கணும்னுதான் தொடைச்சேன். மத்தியானம் நீ திருட்டுத்தனமா வால்வு மாத்தறதையும் பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

"மாட்டை வித்தப்பவுமா?"

"மாட்டை வித்த அன்னிக்குத்தான் நீ சொல்லுவேன்னு இருந்தேன்" என்றாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. தொட்டி வழிந்துகொண்டே இருந்தது. இரண்டு பேரும் குழாயை நிறுத்தவில்லை.

கம்பை ஊன்றி எழுந்திருக்கப் போனாள். கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொள்ளவில்லை. எழுந்து நின்ற பிறகு சொன்னாள்.

"அந்த வருஷம் ஆனி மாசம் உன் முறைத் தண்ணியை எடுத்தேன். என் மொளகாயும் காஞ்சுட்டிருந்துது. எடுத்தேன். தப்புதான்."

முப்பத்தாறு வருஷம் இந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன். இன்றைக்கு வந்தது. வைத்துக்கொள்ள எனக்கு இடம் இல்லை.

பங்குனி 30, வெள்ளி

மோட்டார் ஓடவில்லை. பழையசோறு. கார்வேந்தன் தன் வட்டிலைத் திண்ணைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பங்குனி 31, சனி

கிணற்றடியில் மறுபடி கூடினார்கள். என்னைக் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். ஓரத்தில் நின்றேன். வாரத்துக்கு ஒருமுறை மாறி மாறி வருவது என்று முடிவாயிற்று. இந்த வாரம் காலைமுறைக்காரருக்கு அடுத்த வாரம் உச்சிமுறை, அதற்கடுத்த வாரம் சாயங்காலமுறை. பதினோரு கிணற்றுக்கும் அப்படித்தான் எழுதப்போகிறாளாம் தமயந்தி. லோகு, "அப்ப முதல் முறை மூத்தவங்களுக்கே..." என்று ஆரம்பித்தான்.

"எனக்கு முதல் முறை வேண்டாம்" என்றாள் நாச்சாத்தாள். "நான் உச்சியில ஆரம்பிக்கறேன். காலைமுறையில பொன்னு ஆரம்பிக்கட்டும். அவதான் வெள்ளென எந்திரிக்கறவ."

லோகுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

சித்திரை 2, திங்கள்

சூரியன் எட்டிப் பார்க்கிறபோது தகடு துடைத்து முடித்தேன். வாளிமேல் ஏறவில்லை, கம்பை நீளமாகக் கட்டிக்கொண்டேன். ஏழுக்குச் சுவிட்ச். மோட்டார் இருமியது.

எட்டு மணிக்கு மகள் வீட்டு வண்டி வந்தது. நான் தோட்டத்தில் குந்திக்கொண்டே பார்த்தேன். மாடு ஏற்ற சாய்த்து வைக்கிற பலகையும் வண்டியில் இருந்தது. வாசலில் நின்று ஏதோ பேசினார்கள். மருமகன் கையைக் கையை ஆட்டினார். அரை மணி நேரம் இருக்கும். வண்டி வெறும் வண்டியாகத் திரும்பிப் போனது. செவலை கட்டுத்தரையில் நிற்கிறது. எத்தனை நாளைக்கு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. வெள்ளை மாடு எந்த ஊரில் நிற்கிறதோ.

பத்து மணிக்கு நாச்சாத்தாள் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தாள். நான் என் வால்வை அடைத்தேன். அவள் தன் வால்வைத் திறந்தாள். குழாய் அதிர்ந்தது. பதினோரு வரிசைக்கும் சேர்ந்தாற்போல் ஓடிய சத்தம் கேட்டது.

இரண்டு நோட்டும் என் மடியில் இருந்தது. அவளுடையதை முதலில் எடுத்தேன். புல். விறகு. எழுதினேன்.

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "உனக்குத் தண்ணி எப்படி?" என்றாள்.

"நல்லாருந்துதுங்க்கா" என்றேன்.

"அப்படியே எழுது" என்றாள்.

என் நோட்டை எடுத்தேன். மோட்டார் மூன்று மணி நேரம். தண்ணீர் மூன்றாம் வரிசையோடு நின்றுவிட்டது.